கால்வலி வந்த வழி

அந்த வீடியோவை அனுப்பியது அக்காதான். இரவு பத்தே முக்கால் மணி. கீழே ஒரே வரி: "இது நீ போடுற மாத்திரைதானே? பார்த்துட்டுப் பேசு."

58 விநாடி ஓடும் வீடியோ. நாற்பதைத் தாண்டிய, தோள்கள் திரண்ட ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கும் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பேசுகிறார். ஜன்னல் வழியாக மாலை வெயில். கொலஸ்ட்ராலுக்கு மூன்று வருடம் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டாராம். தொடையெல்லாம் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒருநாள் நிறுத்தினார். இரண்டே வாரத்தில் பழைய ஆளாகிவிட்டார். கடைசியில், "நான் எதையும் நிறுத்தச் சொல்லலை, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். அதைச் சொல்லும்போது ஒரு பக்கப் புருவம் மட்டும் மெல்ல மேலே போனது. வாய் ஒன்று சொன்னது, புருவம் வேறொன்று சொன்னது. நான் புருவத்தைத்தான் நம்பினேன்.

அப்போது நான் அந்த மாத்திரையை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லை. மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போது தொடை வலித்தது.

சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வலித்தது. முட்டிக்கு மேலே, வெளிப்பக்கமாக, இழுத்துப் பிடித்தாற்போல. அன்று மாலை வரை அதே நினைப்பு. இரவு மாத்திரை டப்பாவைத் திறந்தேன், மூடினேன். அப்படி 11 நாள் மூடியே வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் "பார்த்தேன், யோசிக்கிறேன்" என்று ஒரு மழுப்பல்.

பிறகு பலமுறை அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். பொய்யைத் தேடித்தான் பார்த்தேன். இவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவர் சொன்னதில் பொய் என்று எதையும் சுட்ட முடியவில்லை. ஸ்டாட்டினால் தசைவலி வரலாம் என்று மருந்துடன் வரும் மடித்த தாளிலேயே இருக்கிறது. மிக அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. அவருக்கு வலித்தது என்கிறார், வலித்திருக்கும். நிறுத்தினேன், போய்விட்டது என்கிறார், போயிருக்கும். ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்தால் எல்லாம் சரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் மாத்திரை டப்பாவை மூடி வைத்திருக்கிறேன்.

இன்ஃப்ளூயன்சர்கள் மருந்தைப் பற்றிப் பேசும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். "தப்பான தகவல்" என்று பொதுவாகக் கத்துகிறோம். தப்பு பெரும்பாலும் சொன்னதில் இருப்பதில்லை, விட்டதில் இருக்கிறது.

இதைத் துல்லியமாகக் காட்டும் சம்பவம் 2015-இல் நடந்தது. அமெரிக்க டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியன் அப்போது கர்ப்பமாக இருந்தார். மசக்கை வாந்திக்கு டைக்லெஜிஸ் என்ற மாத்திரை தனக்கு நன்றாக வேலை செய்கிறது என்று இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். கையில் மருந்துக் குப்பி, முகத்தில் சிரிப்பு. மருந்து நிறுவனத்துடன் சேர்ந்து செய்வதாகவும் அதிலேயே சொல்லியிருந்தார். அந்த ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பலனைச் சொல்லிவிட்டு ஆபத்து ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்பது முதல் குற்றச்சாட்டு. தண்ணீர்கூடத் தங்காத அளவுக்குக் கடுமையான வாந்தி உள்ள பெண்களிடம் இந்த மருந்து ஆராயப்படவில்லை, அதையும் சொல்லவில்லை என்பது அடுத்தது. கர்தாஷியன் பதிவை நீக்கினார். மாத இறுதியில் திருத்த விளம்பரம் என்று அடையாளமிட்டு இன்னொரு பதிவு போட்டார். தூக்கக் கலக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் வந்தது. முதல் பதிவில் இருந்த கவர்ச்சியில் கால்வாசிகூட இதில் இல்லை, யாரும் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு முந்தைய பகுதிதான் இன்னும் சுவாரசியம். டைக்லெஜிஸ் மோசமான மருந்தே இல்லை. டாக்சிலமைன் என்ற ஒவ்வாமை மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்தது. இதே சேர்க்கை முன்பு பென்டெக்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் பல லட்சம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்கு ஊனம் வருகிறது என்று வழக்கு மேல் வழக்கு. ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் வழக்குச் செலவு தாங்காமல் 1983-இல் நிறுவனமே மருந்தை விலக்கிக்கொண்டது. அதன்பிறகு மசக்கைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட ஒரு மருந்து அந்நாட்டில் மீண்டும் வர 2013 ஆனது. நல்ல மருந்து ஒன்று பயத்தால் முப்பது வருடம் காணாமல் போனது. திரும்பி வந்த இரண்டே வருடத்தில் அதே மருந்து, ஆபத்தே இல்லாத மிட்டாய் மாதிரி ஒரு பதிவில் நிற்கிறது. பயமுறுத்தியதும் அரைக்கதை, ஆசை காட்டியதும் அரைக்கதை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகளைப் பொதுமக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் என்று பார்த்தால் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தடை. அமெரிக்காவில்கூட, பலனைச் சொன்னால் ஆபத்தையும் அதே தட்டில் வைத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. டிவி விளம்பரங்களில் ஒரு குடும்பம் பூங்காவில் பட்டம் விட்டுக்கொண்டிருக்க, பின்னணிக் குரல் மூச்சுவிடாமல் பக்கவிளைவுகளை ஒப்பிப்பது அதனால்தான். "உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்ற வசனம் பிரபலமானதும் அந்த விளம்பரங்களில்தான். காரில் உட்கார்ந்திருந்த மனிதர் அதைக் கவசம்போல எடுத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் மருந்து தயாரிப்பவரையும், அவரிடம் காசு வாங்கிப் பேசுபவரையும் பிடிப்பவை. யாரிடமும் காசு வாங்காமல் தன் வயிற்றைப் பற்றிப் பேசுபவரை என்ன செய்வது? தன் அனுபவத்தைச் சொல்ல யாருக்குத்தான் உரிமையில்லை? மருந்து நிறுவனத்திடம் வாங்காமல், ஆன்லைனில் ஆலோசனை தந்து மருந்தை அனுப்பிவைக்கும் நிறுவனத்திடம் வாங்கினால்? தள்ளுபடி குறியீடு மட்டும் கீழே தொங்கினால்? இந்த இடுக்குகளில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

ஓசெம்பிக் நல்ல உதாரணம். செமாக்ளூட்டைட் என்ற அந்த மருந்தை எஃப்டிஏ 2017 கடைசியில் இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு அங்கீகரித்தது. அதே மருந்து கூடுதல் டோஸில் வீகோவி என்ற பெயரில் எடைகுறைப்புக்கு வந்தது 2021-இல். ஆனால் ரீல்ஸ் உலகில் ஓசெம்பிக் என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் புதிய படம், நடுவில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் என்னவெல்லாம் அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். எடைகுறைப்புக்கான பெரிய ஆய்வில் 1,961 பேர் இருந்தார்கள். 68 வாரத்தில், மருந்து போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. நிஜமாகவே பிரமாதமான மருந்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆய்வில் மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் இருந்தது. ஆய்வு முடிந்து ஊசியை நிறுத்தியபின் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இந்த மூன்றாவது படத்தை யார் போடுகிறார்கள்? இடது, வலது, அப்புறம் இன்னொரு வலது?

போடாததற்குக் காரணம் கயமை என்று நான் சொல்லமாட்டேன். வெற்றி பெற்ற நாளில் கேமராவை எடுப்பது மனித இயல்பு. ஒன்றும் நடக்காதவன் வீடியோ எடுப்பதில்லை. "மாத்திரை சாப்பிடுகிறேன், ரத்த அழுத்தம் சாதாரணமாக இருக்கிறது, வேறு விசேஷம் இல்லை" என்று யாராவது பதிவு போட்டால் நாம் ஒரு விநாடியாவது நிற்போமா? உலகத்தில் மாத்திரை சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் அந்த விசேஷம் இல்லாதவர்கள். அவர்கள் நம் திரையில் வருவதே இல்லை. வருபவர்கள் இரண்டே வகை: உயிர் பிழைத்தவர்கள், பாழானவர்கள்.

இந்த ஊசி விவகாரத்தில் ஒரு பக்கச் சேதமும் நடந்தது. 2022 முதல் தட்டுப்பாடு. சர்க்கரை நோய்க்காக அதையே நம்பியிருந்தவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. அமெரிக்காவில் அந்தத் தட்டுப்பாடு தீர்ந்ததாக அறிவிப்பு வந்தது 2025 பிப்ரவரியில்தான். இடையில் போலிகள் புகுந்தன, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட வேண்டிவந்தது. தட்டுப்பாட்டுக்கு முழுக் காரணமும் ரீல்ஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் வரிசையில் பாதிப்பேரை யார் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

சரி, பரிசோதனைகளுக்கு வருவோம், மருந்துக்கு முந்தைய படி அது. 2025-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழு உடல் எம்ஆர்ஐ, பல புற்றுநோய்களை ஒரே ரத்த மாதிரியில் தேடும் சோதனை, டெஸ்டோஸ்டிரோன் அளவு என்று ஐந்து பரிசோதனைகளைப் பற்றிய 982 பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நன்மையைச் சொன்னவை 87 சதவீதம். தீமை ஏதாவது இருக்கலாம் என்று சொன்னவை 15 சதவீதத்துக்குள். பதிவு போட்டவர்களில் 68 சதவீதம் பேருக்கு அதில் பண ஆதாயம் இருந்தது. இந்த எண்களில் என்னைத் தொந்தரவு செய்தது பணக் கணக்கு அல்ல. ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு சோதனை எப்படித் தீமை செய்யும் என்பதே நம்மில் பலருக்குத் தோன்றாது என்பதுதான். ஸ்கேனில் ஏதோ ஒரு புள்ளி தெரியும். அதைத் துரத்தி இன்னொரு ஸ்கேன், ஊசி குத்தி ஒரு மாதிரி, ஒரு மாதத் தூக்கம் போச்சு. கடைசியில் அது வெறும் புள்ளி. அந்த ஒரு மாதத்தை 58 விநாடியில் யாரும் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாவிட்டால் நானும் அந்தக் கார் மனிதர்தான். இதே திரையில்தான் ஒரு பெண் இன்சுலின் பம்பை இடுப்பில் எங்கே மாட்டினால் தூக்கத்தில் இடிக்காது என்று காட்டினார். அவருக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது. அதை எந்த மருத்துவரும் எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லியிருக்காது. பிரிட்டனில் டிவியில் பிரபலமான டாக்டர் அலெக்ஸ் ஜார்ஜ், தான் மனப்பதற்றத்துக்குச் சாப்பிடும் மாத்திரையைக் கையில் வைத்துப் படம் போட்டு, நீங்களும் போடுங்கள் என்றார். நிறையப் பேர் போட்டார்கள். ஒளித்து வைத்துச் சாப்பிட்ட மாத்திரை மேசைக்கு வந்தது. வெட்கத்தை உடைப்பதில் இன்னொரு நோயாளியின் முகத்துக்கு இருக்கும் பலம் வெள்ளைக் கோட்டுக்குக் கிடையாது.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். டிவியில் ஒருவர் கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவதுபோல் பேசினால், நாளடைவில் அவர் நமக்குத் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். நாம் அவருக்குத் தெரிந்தவர் இல்லை. ஒருதலை நட்பு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று அது வாரத்துக்கு ஒருநாள் வரவேற்பறையில். இன்று படுக்கையில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். என் டாக்டர் என் முகத்தை அந்த தூரத்தில் பார்த்ததே இல்லை.

அதுவும் ஒரு காரணம்தான். மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம் இருக்கும். "ராத்திரி ஒண்ணு போடுங்க, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்" என்றார். என்ன வரலாம், எது வந்தால் பயப்பட வேண்டும், எது வந்தால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அந்தக் கார் வந்து நின்றது.

பன்னிரண்டாம் நாள் டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எப்ப நிறுத்தினீங்க, எப்ப வலிச்சுது?" என்று தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டார். தசை என்சைம் பரிசோதனைக்கு அனுப்பினார், சாதாரணமாக இருந்தது. "சிறுநீர் கறுப்பா போச்சா?" என்றார். இல்லை. பிறகு, "மறுபடி ஆரம்பிங்க. தினமும் வலிக்கு நூத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போட்டுட்டு வாங்க" என்றார்.

அந்த மார்க் யோசனை அவருடையது அல்ல என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2020-இல் வெளியான சாம்சன் என்ற ஆய்வு. பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 குப்பி, மாதம் ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெறும் மாவு மாத்திரை, நான்கு காலி. எந்தக் குப்பியில் எது என்று தெரியாது, காலிக் குப்பியைத் தவிர. தினமும் போனில் தொந்தரவுக்கு நூற்றுக்கு ஒரு மதிப்பெண். காலிக் குப்பி மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. அடடா, நிரூபணமாகிவிட்டதே என்று தோன்றும். மாவு மாத்திரை மாதங்களில்? 15.4. வலி நிஜம், மதிப்பெண் நிஜம். ஆனால் காலிக் குப்பி மாதங்களைவிடக் கூடிய மதிப்பெண்ணில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரைக்குள் இருந்த மருந்தால் வரவில்லை, மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதால் வந்தது. நல்லதை எதிர்பார்த்தால் நல்லது நடப்பதை பிளாசிபோ என்கிறோம், கெட்டதை எதிர்பார்த்து அது வந்து சேர்ந்தால் நோசிபோ. தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே பார்த்தபின் அவர்களில் 30 பேர் திரும்ப மாத்திரைக்கு வந்தார்கள்.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அதிக மார்க் வாங்கிய நாள், நான் வெளியூர் போய் மாத்திரை டப்பாவை வீட்டிலேயே மறந்த இரண்டாம் நாள். 40. நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் கால் வலிக்கும் என்ற பழைய செய்தி அப்போதுதான் எனக்கு எட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆய்வு விவரங்களைத் தொகுத்து 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கும் அதையே சொல்கிறது: சில வருடங்களில் தசைவலி என்று சொன்னவர்கள் ஸ்டாட்டின் குழுவில் 27.1 சதவீதம், மாவு மாத்திரைக் குழுவில் 26.6. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் நிஜமானவர்கள், அவர்களை நாம் மறந்துவிடவும் கூடாது. கார் மனிதர் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

இந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஒரு வீரம் வந்தது. நானும் ஒரு வீடியோ போடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து (வெயில் விழும் இடம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன்) பேசினேன். நான்கு நிமிடம் பத்து விநாடி. யார் பார்ப்பார்கள்? வெட்ட ஆரம்பித்தேன். முதலில் தசை என்சைம் போனது, கேட்கவே சலிப்பு. அடுத்து 12 குப்பிக் கணக்கு. பிறகு "சிறுநீர் கறுத்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்", அது ஓட்டத்தைக் கெடுத்தது. "இது என் ஒருவன் கதை" என்ற வரியை ஆரம்பத்தில் வைத்தால் சப்பென்று இருந்தது, முடிவில் வைத்தால் அதற்குள் பாட்டு வந்துவிட்டது. அதையும் எடுத்தேன். மிச்சம் 55 விநாடி. "ஒரு வீடியோ பார்த்தேன், பயந்தேன், நிறுத்தினேன், கால்வலி எல்லாம் மனசுலதான், மறுபடி ஆரம்பிச்சேன், ஜம்முனு இருக்கேன்."

அதைப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைப் புரட்டியது. உண்மையிலேயே தசை கெட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இரவு பத்தே முக்காலுக்கு இதைப் பார்த்தால், எல்லாம் மனசுலதான் என்று மாத்திரையைத் தொடர்வார். கூர்ந்து பார்த்தேன், என் புருவமும் ஓரிடத்தில் உயர்ந்திருந்தது.

55 விநாடியை அழித்துவிட்டு, வெட்டாத நான்கு நிமிடத்தை அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, பதில்.

"முழுசா பார்க்கலை. மாத்திரை போடுறியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

போடுகிறேன் என்று அனுப்பினேன்.